குறிப்பு பதினான்கு

பெர்கனில் மழை விடாத ஒரு பிப்ரவரி.
ஐந்து இயக்குநர்கள், நிதி அதிகாரி,
ஓரத்தில் நான், கூட்டக் குறிப்பு எழுதுகிறவன்.
பதினாறு வருடமாக என் விரலுக்குப் பழகிய வரி:
'கணக்கு ஏற்கப்பட்டது. கேள்வி ஏதுமில்லை.'
இம்முறையும் முன்கூட்டியே அடித்து வைத்திருந்தேன்.

குன்வோர் ஹெல்லசுண்ட் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.
"குறிப்பு பதினான்கு.
கூண்டுகளில் உயிரோடு இருக்கும் சால்மன்
நாற்பத்தொரு லட்சம் என்கிறது.
யார் எண்ணியது? எப்போது?"

நிதி அதிகாரி சிரித்தார்.
தலைவர் ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலில் மழை தவிர ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்குத் தெரியும்.
செப்டம்பரில், மலைக்குடிலில்,
காட்டுக்கோழி வேட்டை முடிந்து
ஈரக் காலுறைகள் அடுப்பருகே காய்கையில்
பேசி முடித்த விஷயம்:
வடக்குக் கூண்டுகளில் நோய்.
மொத்தச் சாவையும் ஒரே காலாண்டில் எழுதினால்
பங்கு விழும்.
கொஞ்சம் கொஞ்சமாகச் சாகட்டும், தாளில்.

குன்வோரை அங்கே யாரும் அழைத்ததில்லை.
வேண்டுமென்று அல்ல. தோன்றவில்லை, அவ்வளவுதான்.
சட்டத்துக்காக வந்த நாற்காலி என்று
முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு உண்டு.
நானும் பேசியிருக்கிறேன்.
(இன்னொரு பெண் இயக்குநர் போயிருந்தார்.
குடிலே அவருடையது.)

லிஃப்டில் கேட்டேன், எப்படிச் சந்தேகம் வந்தது என்று.
"சந்தேகமா? தீவனச் செலவைப் பார்த்தேன்.
மீன் எண்ணிக்கை அசையவில்லை,
தீனி ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது.
பட்டினி கிடந்து எடை போடுகிற மீனை
நான் கண்டதில்லை."
நாலாவது மாடியில் இறங்கிக்கொண்டார்.

படகு போனது. எண்ணினார்கள்.
ஆறரை லட்சம் மீன்
எப்போதோ செத்து, அரைபட்டு, தொட்டியில் புளித்து,
எங்கள் சொத்துப் பட்டியலில் மட்டும்
நீந்திக்கொண்டிருந்தது.
அறிக்கை பதினொரு நாள் தாமதம்.
பங்கு விழுந்தது; பாதி எழுந்தது.
யாரும் நன்றி சொன்னதாக என் குறிப்பில் இல்லை.

அவர் கெட்டிக்காரர் என்கிறார்கள் இப்போது.
எனக்கு வேறொன்று தோன்றுகிறது:
அந்த அடுப்பருகே அவருக்கும் ஓர் இடம் இருந்திருந்தால்
பிப்ரவரியில் கேட்க என்ன மிஞ்சியிருக்கும்?

இந்த ஆண்டு அவருக்கும் அழைப்பு போகிறது.
நான்தான் தட்டச்சு செய்தேன்.
கடைசி வரியில் தலைவர் சேர்க்கச் சொன்னது:
'பூட்ஸ் அளவைத் தெரிவிக்கவும்.'