சதுர அடி நாற்பத்தைந்து

நர்சரி அடைக்கலம் டேப்பை உதறி நீட்டினார்.
முன்வாசல் அறுநூறு சதுர அடி.
கொரியன் புல், பாய் பாயாக வரும்,
அடி நாற்பத்தைந்து.
விரிக்கிற கூலி தனி.

கரண்ட் பில்லின் முதுகில் பெருக்கினேன்:
இருபத்தேழாயிரம்.
வீட்டுக்கடன் மூன்று தவணை அதற்குள் படுத்துத் தூங்கும்.
"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.
அதற்கு என்ன அர்த்தமென்று அவருக்கும் தெரியும்.

சேவுகன் சொன்னார், சிமெண்ட் கல் பதிச்சிடலாம்.
வெயிலுக்கு நாமே பந்தி விரிக்கவா?

ஞாயிறு காலை, கண்டனூர் கண்மாய்க் கரை.
ஸ்கூட்டியில் இரண்டு உரச்சாக்கு, ஒரு களைக்கொத்தி.
மடையோரம் அருகு
கல்லிடுக்கில் கால் நுழைத்துக் கிடந்தது
யாரும் விதைக்காமல், யாரும் விலை சொல்லாமல்.
குளிக்க வந்தவர் கேட்டார்: "மாட்டுக்கா?"
"வீட்டுக்கு."
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முங்கினார்.

செம்புறாங்கல் பூமி. கடப்பாரை பட்டால் மணியடிக்கும்.
கொத்தி, கல் பொறுக்கி,
ஆட்டு எரு நாலு மூட்டை, பேரம் பேசி இருநூறு,
கொடியைக் கணு கணுவாய் நறுக்கிச்
சாணுக்கு ஒன்று ஊன்றினேன்.
இடுப்பு அன்றிரவு தனியாகப் படுத்தது.

ஆர்.ஓ. மிஷின் துப்பிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர்,
காலையும் மாலையும்.
எதிர்வீட்டு உமையாள் மாடியிலிருந்து விசாரித்தார்,
"எதையும் புதைச்சு வச்சிருக்கீங்களா?"

முதலில் வந்தது கோரை.
இழுத்தால் தலையை மட்டும் தரும்,
கிழங்கைக் கீழே வைத்துக்கொண்டு.

வைகாசியில் ஒரு ராத்திரி மழை.
காலையில் குனிந்து பார்த்தால்
இரண்டு கணுவின் கொடிகள்
ஒன்றையொன்று தாண்டிப் போயிருந்தன.

ஆவணியில் அரிவாளோடு உட்கார்ந்திருந்தபோது
கேட்டை ஆட்டினாள் பூக்காரி பஞ்சவர்ணம்.
"வெட்டி எங்கக்கா போடுறீங்க?"
"குப்பையில."
கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
சதுர்த்திக்கு நாலு நாள்.
கட்டு பத்து ரூபாய், அவளே பறிப்பாள்.

விடியும் முன் வருகிறாள்.
நுனி பார்த்து, இளசு பார்த்துக் கிள்ளுவதில்
புல்வெளி
அவசரத்தில் முடிவெட்டிய பையனின் தலை.
அடைக்கலம் பார்த்தால் சிரிப்பார்.
எருக்காசு வந்துவிட்டது,
களைக்கொத்திப் பிடி மாற்றிய காசும்.

வெறுங்காலோடு நின்றால் கொஞ்சம் குத்துகிறது.
சேவுகன் வண்டி நிறுத்துமிடம் மட்டும்
இன்னும் சிவப்பாக, தட்டு அகலத்துக்கு.

சாக்கு எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன்.
நாளை ஞாயிறு.