இருபத்தாறால் வகுத்தது

ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதி
தேதி போட்டு நீட்டினேன்.
சின்ன முதலாளி முழுதாகக்கூடப் படிக்கவில்லை,
"நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார்.
கோபமில்லை,
மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வதுபோல.

வெளியே களத்தில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது.
அயோத்தியாபட்டணத்துக்கு இந்தப் பக்கம்
காற்று எப்போதும் புளித்திருக்கும்,
கிழங்கு கழுவிய தண்ணீர்.
ஒன்பது வருடத்தில் என் சேலைகளிலும் ஏறிவிட்டது.
பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி
ஒருமுறை ஒன்றும் சொல்லாமல்
ஜன்னலைத் திறந்தாள்.

வர வேண்டாம் என்றால் வரவில்லை.
முப்பது நாள் சம்பளம்?
நியமனக் கடிதம் என் பீரோவில்தான் இருக்கிறது,
நான் டைப் அடித்தது, எல்லோருக்கும் நானே.
ஏழாவது பிரிவு:
இரு தரப்பில் எவர் விலகினாலும் விலக்கினாலும்
முப்பது நாள் முன்னறிவிப்பு,
அல்லது அதற்கு ஈடான ஊதியம்.
அந்த 'எவர்'
என்னையும் சேர்த்துத்தான் என்று
அடிக்கும்போது தோன்றவில்லை.

"சரி, போட்டுக்கிட்டு வாங்க."

சம்பளம் பதினைந்தாயிரத்து அறுநூறு.
இருபத்தாறால் வகுத்தால் நாளுக்கு அறுநூறு.
முப்பது நாளைக்குப் பதினெட்டாயிரம்.
ஆறாம் எண் பொத்தான் தேய்ந்துவிட்டது,
இரண்டு தடவை அழுத்தினால்தான் விழும்.

"கொடுக்கிறப்போ முப்பதாலதானே வகுக்கணும் கோகிலாமணி,
உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும்.
பிடிக்கும்போது இருபத்தாறு,
கொடுக்கும்போது முப்பது.
பெரிய முதலாளி காலத்து வழக்கம்.
எங்கும் எழுதியதில்லை,
என் விரலில்தான் இருந்தது.

மூன்று வருடம் முன்னால்
பாய்லர் பெரியண்ணன் திடீரென்று நின்றபோது
அவன் பதின்மூன்றாயிரத்தை
இந்த விரல்தான் இருபத்தாறால் வகுத்தது.
நாளுக்கு ஐநூறு,
முப்பது நாளைக்குப் பதினைந்தாயிரம் பிடித்தம்.
மாதம் முழுக்க உழைத்தாலும்
பதின்மூன்றுதான் வாங்கியிருப்பான்.
மீதி இரண்டு எங்கிருந்து வந்தது
என்று நான் கேட்கவில்லை, பேரேடும் கேட்கவில்லை.
வேலை செய்த பதினோரு நாள்,
சேர்ந்திருந்த விடுப்புப் பணம், போனஸ்,
எல்லாம் அதில் கரைந்தது.
தர வேண்டியது: ஏதுமில்லை.
கையெழுத்து எனக்கு அழகாக இருக்கும்.

திடீரென்று என்றும் சொல்ல முடியாது.
அழுத்தமானி பொய் காட்டுகிறது என்று
மூன்று தடவை எழுதிக் கொடுத்தான்.
துளை போட்டு, தேதிவாரியாக
கோப்பில் சேர்த்தேன்.

"முப்பதாலேயே வகுங்க" என்றேன்.
"ஒரு மாதத்துக்கு நோட்டீஸ் பணம்
சம்பளத்தை முப்பதால் வகுத்துத்தான்
என்று ஒரு வரி எழுதி
கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

இரண்டாயிரத்து நானூறு மிச்சமான கை
சந்தோஷமாக எழுதியது.
சீல்கூட அவரே வைத்தார்.

நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம்.
அந்த இரண்டாயிரத்து நானூறுக்கு
வயிறு எரிந்தது,
கேட்டைத் தாண்டும்போதும் எரிந்தது.
மகள் பள்ளிக்கு வேன் கட்டணம் அது,
இரண்டு மாதத்துக்கு.

ஸ்டாப்பில் சேலம் போகும் பஸ் இரண்டை விட்டேன்.
அவன் எண் பழையதுதான், எடுத்தான்.
கோகிலாமணி என்றேன்,
தெரியவில்லை.
கணக்கம்மா என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்குங்களாம்மா,
நான் கட்டணுங்களா?"