புள்ளி நான்கு

போலிஷில் இதற்குப் பெயர் கடல்பன்றிக்குட்டி.
கடலும் இல்லை, பன்றியும் இல்லை.
க்தீனியா துறைமுகத்துக்கு மேலே ஆறாம் மாடியில்
கடலுக்கு முதுகு காட்டும் ஜன்னலருகே
காய்ந்த புல்லில் புதைந்து கிடக்கிறது.
வாடகை பாக்கியோடு பெர்கனுக்குக் கப்பலேறிய மிலேனா
பாக்கிக்கு ஈடாக விட்டுப்போன இரண்டில் ஒன்று.
பெயர் க்ளூஸ்கா. மாவுருண்டை என்று அர்த்தம்.

பகலில் நான் நாற்பது டன் தூக்குகிறவள்.
கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால்
காற்றில் ஆடும் கன்டெய்னர் எந்தப் பக்கம் சாயும் என்று
என் உள்ளங்கைக்குத் தெரியும்.
அன்றிரவு உள்ளங்கையில் இருந்தது
எழுநூற்று அறுபது கிராம்.
போன ஞாயிறு எண்ணூற்றுப் பன்னிரண்டு.
சமையல் தராசைத் துடைத்துவிட்டு
மறுபடி வைத்துப் பார்த்தேன்.
அதே எழுநூற்று அறுபது.

மூச்சில் ஒரு கரகரப்பு,
ஈரக் காகிதத்தை யாரோ மெதுவாகக் கசக்குவதுபோல.
கண்ணோரம் வெள்ளைப் பொருக்கு.
வெள்ளரித் துண்டை முகர்ந்தது,
மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டது.

மருந்துப் பெட்டியில்
என் கடைவாய்ப்பல் மிச்சம் வைத்த அமாக்ஸிசிலின், ஐந்து.
என்னைக் காப்பாற்றிய மருந்து.
காப்ஸ்யூலைத் திறந்து
பொடியைக் கத்தி முனையால் கோடு கோடாகப் பிரித்தேன்.
எனக்கு இவ்வளவு என்றால் அதற்கு இவ்வளவு.
கணக்கு சரியாகத்தான் வந்தது.

ஆனாலும் போனை எடுத்தேன், ஏன் என்று தெரியாது.
சோப்போட்டில் இரவு மருத்துவமனை,
டாக்டர் யாக்னா ஸெலிகா.
எடை கேட்டார், மூச்சு கேட்டார்,
பொடியைச் சொன்னதும் மூன்று நொடி பேசவில்லை.

"வாயில் வைத்துவிட்டீர்களா?"
"இல்லை."
"முதலில் கையைக் கழுவுங்கள். பிறகு கேளுங்கள்."

தப்பு அளவில் இல்லையாம், மருந்திலேயே.
அதன் குடலுக்குள் ஓர் ஊர் இருக்கிறதாம்,
புல்லைச் சோறாக்கும் ஊர்.
இந்த மருந்து அங்கே போனால்
நல்லவன் கெட்டவன் பார்க்காது.
ஊர் காலியானால் விஷக் கிருமி குடியேறும்.
"நுரையீரல் தேறும்," என்றார்,
"தேறிய நுரையீரலோடு செத்துப்போகும்."

கத்தியை மூன்று முறை கழுவினேன்.

டாக்ஸியில், என் கோட்டுக்குள், அது ஒருமுறைகூடக் கத்தவில்லை.
திரும்பும்போது பையில் ஒரு சின்னப் புட்டி, என்ரோஃப்ளாக்ஸசின்.
ஊசியில்லாத சிரிஞ்சில் புள்ளி நான்கு மில்லி,
இந்த எடைக்கு, இந்தப் புட்டியிலிருந்து,
காலையும் இரவும்,
முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில்,
அவசரப்படாமல்.
புல்மாவுக் கூழ் மூன்று மணிக்கொருமுறை.
வைட்டமின் சி தனியாக;
நம்மைப்போல அதற்கும் சுயமாகச் சுரக்காதாம்.
அந்தக் காலக் கப்பல்காரர்களுக்கு ஈறு கரைந்ததே, அந்தக் குறை.
கடல் என்ற பெயர்
அப்போதுதான் கொஞ்சம் பொருந்தியது.

நான்காம் நாள் எழுநூற்று முப்பத்தொன்று.
புழுக்கை குழைந்தது. பிறகு நின்றே போனது.
டாக்டர் சொன்ன அடுத்த வைத்தியத்தை
துறைமுகத்தில் யாரிடமும் சொல்லவில்லை:
கூட இருக்கும் பொன்ச்செக்கின் புதுப் புழுக்கையைப் பிடித்து
நீரில் கரைத்து வடிகட்டி ஊட்ட வேண்டும்.
காலியான ஊருக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் அனுப்புவது.
பொன்ச்செக்கின் பின்னால் டீஸ்பூனோடு
முழங்காலில் தவழ்ந்தேன், அதிகாலை நாலரைக்கு.
எனக்கு ஐம்பத்திரண்டு வயது.
அந்த டீஸ்பூன் இப்போது இந்த வீட்டில் இல்லை.

ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை.
ஆறாம் நாள் தராசுக்கு அடியில், கறுப்பாக, நீளமாக,
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒன்று.
எடை எழுநூற்று முப்பத்தைந்து.
மருந்து இன்னும் நான்கு நாள் பாக்கி.

கூண்டில் ஏறி முதல் பெட்டியைத் தூக்கும்போது
ரேடியோ திறந்திருந்ததை மறந்துவிட்டேன்.
"நாலு கிராம் ஏறியிருக்கு," என்றேன்.
கீழேயிருந்து ஸ்லாவோஜ்: "எது?"
பெட்டி காற்றில் லேசாக ஆடியது.
ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தேன்.
"ஒன்றுமில்லை. இறக்குகிறேன், தள்ளி நில்."