நாற்பத்தொரு சொடுக்கு

பென்சிலை எடுத்துவிட்டேன்.
பெட்டியின் ஓரக்கோட்டையும் எடுத்துவிட்டேன்.
எழுதும் இடம்போல் ஒன்று தெரிந்தால்
விரல் அங்கே போகும்.
சாம்பல் பொத்தான் வேண்டாம் என்று
ரோமெலோடு ஒரு வாரம் சண்டை.
பூட்டிய கதவை வரைந்து காட்டுவதைவிட
சுவரை வரைவது மரியாதை என்றேன்.
அவன் சிரித்தான்.
சுவருக்கு ஒப்புதல் கிடைத்தது.

வின்னிபெக், ஏழாம் மாடி, மார்ச் கடைசி.
கீழே போர்ட்டேஜ் அவென்யூவில்
பனி அழுக்கேறித் தார் நிறத்துக்கு வந்திருந்தது.
ரெட் ஆறு வடக்கு நோக்கி ஓடுவது.
தெற்கே உருகியது வந்து சேரும்போது
வடக்கே பனிக்கட்டி இன்னும் வழிவிட்டிருக்காது.
அதற்காகத்தான் எங்கள் மென்பொருள்;
அதற்குள் பதினொரு அமைப்புகள்:
மாகாணம், மாநகரம், ரயில் கம்பெனி,
ஆற்றோரச் சிற்றூர்கள்,
மணல்மூட்டை கட்டும் ஒரு தேவாலயம்கூட.
எழுதியவருக்கே எழுத்து சொந்தம்.
மற்ற பத்துப் பேருக்கும் கண் மட்டும்.

கண் மட்டும் என்று சொல்வது சுலபம்.
வீட்டு எண் தெரியலாம்.
அந்த வீட்டில் யார் எழ முடியாமல் கிடக்கிறார்
என்பது ரயில்காரருக்குத் தெரியலாமா?
நகலெடுக்க விடலாமா?
அச்சிட்டால் நேரமும் கூடவே வரவேண்டும்,
இல்லாவிட்டால் நேற்றைய எண்
இன்றைய முகத்தோடு ஊர் சுற்றும்.
இதையெல்லாம் யோசித்தேன்.
யோசித்ததில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஏப்ரல் ஒன்பது, காலை. பதிவேட்டைத் திறந்தேன்.
இரவு 2.10 முதல் 2.19 வரை
ஒரே இடத்தில் நாற்பத்தொரு சொடுக்கு.
பொத்தான் இல்லாத இடம்.
நான் வரைந்த சுவர்.

பூனையாயிருக்கும் என்றான் ரோமெல்.

டோரத்தி ஃபிரீசன்.
மோரிஸுக்குத் தெற்கே ஓர் ஊராட்சி அலுவலகத்தில்
வாரம் மூன்று நாள் எழுத்தர்.
டார்ச் அடித்து ஆற்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.
பாலத்தூணில் இரண்டாவது ஆணிவரிசையைத்
தண்ணீர் தொட்டாயிற்று.
திரையிலோ மாலை ஆறு மணி எண்.
அளவுமானி பனிக்கட்டியில் சிக்கிக் கிடந்தது.
எண் மாகாணத்துடையது,
மாகாணம் தூங்கிக்கொண்டிருந்தது.
அவர் கையில் உண்மை ஈரமாக இருந்தது,
வைக்க இடமில்லை.

கடைசியில் காரை எடுத்துப்போய்
தீயணைப்பு நிலையத்தைத் தட்டி எழுப்பினாராம்.
மூட்டைகள் வந்தன.
மூன்று வீடுகளுக்கு மட்டும் தாமதமாக.

தொலைபேசியில் கேட்டேன், ஏன் நாற்பத்தொரு தடவை?
"நாற்பதோடு நிறுத்த மனசு வரல" என்றார்.
பிறகு, கோபமே இல்லாமல்:
"திருத்த விடுன்னு நான் கேக்கல,
அது என் எண் இல்ல.
யார்கிட்ட சொல்லணும்னாவது
எழுதி வெச்சிருக்கலாம்."

பென்சிலைத் திரும்ப வைக்கவில்லை.
எண்ணுக்குக் கீழே ஒரு வரி வந்தது:
எழுதியவர் யார், எப்போது,
இந்த நேரத்தில் விழித்திருப்பவர் யார்.
பக்கத்தில் இரண்டு சொல்: "இது சரியில்லை."
தொட்டால் எண் மாறாது;
பதினொரு திரையிலும் ஒரு புள்ளி எழும்,
சொந்தக்காரர் வந்து பதில் சொல்லும்வரை.
என்ன நிறம் என்றான் ரோமெல்.
அதற்கும் ஒரு நாள் போயிற்று.

பதிவேட்டை யாரும் திருத்த முடியாது,
கட்டிய நாங்களும்கூட.
அந்த ஒன்பது நிமிடம் அங்கேயே இருக்கிறது.
சில நாள் மாலையில், எல்லோரும் போன பிறகு
திறந்து பார்ப்பேன்.
பார்க்க மட்டும்.