ஈரக் கழிவு

அறுபத்தாறு வயதில் ஒரு குரல்
"மாணவர்களே, வணக்கம்" என்றது.
திரும்பிப் பார்த்தேன்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யாருமில்லை.
ஒரு காட்டெருமை மட்டும்
கேரட் தோட்டத்து வேலியை
யோசித்துக்கொண்டு நின்றது.

கட்டபெட்டில் என் வீட்டுக்குள் சிக்னல் வராது.
தொட்டி மேட்டில் இரண்டு கோடு,
மழை விட்டால் மூன்று.
குல்லா, மப்ளர், மடக்கு நாற்காலி,
மூடி தொலைந்த பேனா.
மகள் போனில் கேட்டாள்,
புள்ளியியல் படிச்சு என்னப்பா பண்ணப் போறீங்க?
இலவசம், என்றேன்.
சான்றிதழுக்குத்தான் காசாம்.
வாங்கினாலும் எங்கே மாட்டுவது,
சுவரெல்லாம் ஓதம்.

டீச்சருக்கு என் தராசைவிட வயது குறைவு.
திருநெல்வேலிப் பேச்சு,
ஓட விட்டால் பிடிக்க முடியாது;
வேகத்தை முக்காலாகக் குறைத்து வைத்திருக்கிறேன்.
சராசரியெல்லாம் எனக்குக் கைவந்ததுதான்.
இடைநிலையில் ஒரு மதிப்பெண் போயிற்று.
ராத்திரி தூக்கம் வரவில்லை.

மூன்றாம் வாரம் சொன்னாள்:
பிழையில் இரண்டு வகை.
ஒன்று காற்றில் ஆடும் முள்.
கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும்,
ஆயிரம் தடவை நிறுத்தால்
தன்னாலே அடங்கிவிடும்.
இன்னொன்று ஒரே பக்கம் சாயும்.
அது அடங்காது.
நிறுக்க நிறுக்கச் சேரும்.

பத்து விநாடி பின்னால் தள்ளி
மறுபடி கேட்டேன்.
மறுபடியும்.

இருபத்தொன்பது வருடம்
கொலக்கம்பைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில்
கணக்குப்பிள்ளை.
காலையில் ஒரு நிறுவை, மாலையில் ஒன்று.
சாக்குக்குக் கழிப்பது தனி.
அதற்கு மேல் ஈரக் கழிவு என்று
தலைக்கு ஒரு கிலோ.
அடைமழையிலும் ஒரு கிலோ,
உறைபனியில் கொழுந்து கருகி
காகிதம்போல் நொறுங்கும் ஜனவரியிலும்
ஒரு கிலோ.
துரை சொன்னார்.
எனக்கு முந்தியவரும் அப்படித்தான் எழுதியிருந்தார்.
என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

பயிற்சி மூன்று:
உங்கள் வாழ்க்கையிலிருந்து தரவு எடுத்துக் கணக்கிடுக.

நாற்பத்தெட்டுப் பெண்கள்.
நாளுக்கு இரண்டு.
வருடத்துக்கு இருநூற்றெண்பது நாள்.
பெருக்கிக்கொண்டே வந்தேன்,
மூடுபனி நோட்டில் இறங்கி மை பரவிற்று.
ஏழு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து
ஐந்நூற்று இருபது.
கிலோ.
விடைப்பெட்டியில் அலகு எழுத இடமில்லை.

கோத்தகிரி மார்க்கெட்டில் காத்தாயியைப் பார்த்தேன்.
பூண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
மெலிஞ்சிட்டீங்களே கணக்குப்பிள்ளை, என்றாள்.
பொன்னுதாஸ் என்ற என் பெயர்
அவளுக்கு எப்போதும் தெரிந்ததில்லை;
எனக்கு அவள் பெயரோடு
செக்ரோல் எண்ணும் தெரியும்.
எண்ணைச் சொல்லவில்லை. கிலோவைச் சொன்னேன்.

பூண்டை உள்ளங்கையில் வைத்து
மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள்.
"எங்களுக்குத் தெரியாதாக்கும்?
ஓடையில கூடைய ஒருவாட்டி முக்கிட்டுத்தான்
உங்க முன்னால வருவோம்.
ஓடை வத்துன மாசந்தான்
உங்க மாசம்."

சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"அந்தப் படிப்புல
திருப்பிக் குடுக்குற பாடம்
எத்தனாவது?"

பஸ்ஸில் உட்கார்ந்து
எட்டு வாரத் தலைப்புகளையும்
மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.
கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போயிற்று.

தொட்டி மேட்டில் விடையை அழித்தேன்.
டீச்சர், என்று தட்டச்சு செய்தேன்,
ஓடையில் தண்ணீர் இருந்த மாதங்களைக்
கழிக்க வேண்டும், அதற்கு என்னிடம் பதிவு இல்லை.
சமர்ப்பிக்க ஞாயிறு வரை நேரமிருக்கிறது.

நாளை மழை விட்டால்
நோட்டை எடுத்துக்கொண்டு
காத்தாயி வீட்டுக்குப் போக வேண்டும்.
லைன் வீட்டில் எத்தனாவது கதவென்று
இத்தனை வருடம்
நான் கேட்டதே இல்லை.