உறுதியில்லை

பள்ளியில் என்னைத் தேவாங்கு என்றார்கள்.
அம்மாப்பேட்டை, ஏழாம் வகுப்பு, பி பிரிவு.
எலும்பும் கண்ணும் மட்டுமாக இருந்த காலம்.
இப்போது அதையே தேடிச் சம்பளம் வாங்குகிறேன்,
ஓர் இரவுக்கு அறுநூறு ரூபாய்,
பேருந்துச் செலவு தனி.

மஞ்சக்குட்டைக்கு மேலே
காப்பித் தோட்டம் முடிந்து சோலை தொடங்கும் இடம்.
நெற்றி விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள்.
மணிக்கு ஒரு கிலோமீட்டர்.
அதற்குமேல் நடந்தால் கணக்கு செல்லாது.
முன்னால் சடையப்பன்,
காட்டெருமைக்குத் தெரியட்டும் என்று
அவ்வப்போது இருமிக்கொண்டு.

விதி இதுதான்:
இரண்டு கண்ணும் மின்னினால், ஒன்று.
ஒரு கண் என்றால்
பக்கியாக இருக்கலாம், சிலந்தியாக இருக்கலாம்,
பனித்துளியாகக்கூட.
'உறுதியில்லை' கட்டத்தில் டிக்.

பதினெட்டு இரவில் ஒன்பது.
பத்து இருந்தால் கோப்பு நகரும் என்று
சேலத்திலிருந்து ஃபோன்.
யார் வைத்த பத்து என்று கேட்டேன்.
சிக்னல் போய்விட்டது.

மரங்களிலும் எண் ஏறியிருக்கிறது,
வெள்ளைப் பெயிண்டில்.
அவர்கள் பகலில் எண்ணுகிறார்கள்,
எங்களைவிட வேகம்.
நாவல் 211. காட்டுப்பலா 212.
213-இன் பெயர் சடையப்பனுக்குத் தெரியும்,
இரவில் சொல்லமாட்டார்.

பத்தொன்பதாம் இரவு, பதினொன்று நாற்பது.
214-இன் கவட்டையில்
ஒரு கண்.
தணல் மாதிரி. சிமிட்டவில்லை.
கிளை லேசாகத் தாழ்ந்தது.
பனித்துளிக்கு அந்த எடை கிடையாது.
இருட்டில் சுவிட்சைத் தடவும் கைபோல்
ஏதோ ஒன்று இலையை விலக்கியது,
அல்லது விலக்கியதென்று நினைத்தேன்.
காப்பிப்பூ வாசனைக்குள்
மூத்திர வாடை மெல்ல இறங்கியது.
மறு கண்
வரவேயில்லை.

"எழுதும்மா.
இவனுக்கு ஒத்தக் கண்ணுதான்.
கரண்டுக் கம்பியில அடிபட்டு எந்திரிச்சவன்.
ரெண்டு வருசமா தெரியும்."

படிவத்தில்
சடையப்பனுக்குத் தெரியும் என்றொரு கட்டம் இல்லை.

பேனா நடுங்கியது. குளிர்தான்.
பத்து என்று எழுதலாம்.
நாளை யாராவது வந்து சரிபார்த்து
அந்த ஒன்றோடு சேர்த்து
ஒன்பதையும் உலுக்கிக் கீழே தள்ளுவார்கள்.

உறுதியில்லை. டிக்.
குறிப்பு என்ற அரை வரியில்
அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்.
இடம் போதவில்லை. எழுத்து ஓரத்தில் ஏறி
பின்பக்கத்துக்குத் தாவியது:
கம்பி, கண், இரண்டு வருடம்,
எந்த மாதத்தில் எந்த மரம்.
கையெழுத்துக் கேட்டேன்.
தாளைத் தொடையில் வைத்து
இனிஷியலோடு போட்டார்.

காலை முதல் பேருந்து.
நான் ஏறும்போது
பெயிண்ட் டப்பாவோடு ஒருவன் இறங்கினான்,
தூக்கக் கலக்கம், கம்பளித் தொப்பி,
என்னைவிட ஒல்லி.
"தேவாங்கு இருக்கா மேடம்?"

இருக்கு என்றேன்.
எத்தனை என்று அவன் கேட்கவில்லை.