எட்டாவது ரீல்

இத்தாலிக்காரன் எடுத்த படம்.
ஸ்பெயின் பொட்டலில் எடுத்துவிட்டு
அமெரிக்கா என்று பெயர் வைத்திருக்கிறான்.
மூக்கையூர்க்காரர்களுக்கு அது
சாயல்குடிப் பக்கத்து உடங்காடு.
அதே வெயில், அதே புழுதி,
கள்ளிதான் கொஞ்சம் உயரம்.

பக்கீர் ராவுத்தர் கொட்டகையில்
மைக்கில் தமிழ் சொல்வது என் வேலை.
ராத்திரிக்கு எட்டு ரூபாய், ஒரு டீ.
அவர்கள் பேசும் இங்கிலீஷில்
எனக்குத் தெரிந்தது யெஸ்ஸும் நோவும்.
மிச்சத்தை
வாயசைவின் நீளத்துக்கு
நானே வெட்டித் தைத்துக்கொள்வேன்.

கடற்காற்று திரையை ஊதும்போது
குதிரைகளுக்கெல்லாம் சினைபிடிக்கும்.
பெண்கள் பக்கம் சிரிப்பார்கள்.

அண்ணனைக் கொன்றவனைத் தேடி
ஒருவன் அலைகிறான், அவ்வளவுதான் கதை.
பையில் செத்தவனின் ஒற்றை பூட்ஸ்.
அதிகம் பேசமாட்டான். எனக்கு வசதி.

நாலாம் நாள்
கம்பத்தோரம் இன்னாசி உட்கார்ந்திருந்தான்.
வலது கை துண்டுக்குள்.
பீடி பற்றவைக்கக்கூட அதை வெளியே எடுக்கவில்லை,
பக்கத்துப் பையன்தான் பற்றவைத்துக் கொடுத்தான்.
அவனுக்கு இரண்டு வரிசை முன்னால்
கஸ்பாரின் பிடரி.
ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து வந்தவன்.
பெண்டாட்டி கதவைத் திறக்கவில்லை.
டிக்கெட் வாங்கினால்
மூன்று மணி நேரம் உட்கார இடம் கிடைக்குமே.

ஒன்பது வருஷம் முன்பு ஒரு அமாவாசை,
கரைவலைப் பங்கில் தகராறு.
இன்னாசியின் அண்ணன் மிக்கேல்
வள்ளத்தடியில் கிடந்தான்.
கஸ்பார் ஓடியதைப் பார்த்தேன் என்று
ராமநாதபுரம் கோர்ட்டில் கூண்டேறிச் சொன்னவன் நான்.
இருட்டில் எப்படித் தெரிந்தது என்றார் வக்கீல்.
பேட்டரி லைட் அடித்தேன் என்றேன்.
என்னிடம் பேட்டரி லைட் இருந்ததே இல்லை.

ஓடியவன் பெயரைச் சொன்னால்
என் அக்காவுக்குத் தாலி இல்லை.
போன ஐப்பசியில் அத்தானைக் கடல் எடுத்துக்கொண்டது.
தாலியும் போயிற்று.
பொய் மட்டும் என்னோடு தங்கிவிட்டது,
வாடகை கொடுக்காத உறவுக்காரன் மாதிரி.

ஏழாவது ரீல்.
இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள்.
திரை முழுக்கக் கண்கள்,
ஒவ்வொன்றும் ஒரு வள்ளத்து நீளம்.
இந்த இடத்தில் யாரும் பேசுவதில்லை.
மூன்று நாளும் நான் டீ குடித்த இடம் இது.

துண்டு அசைந்தது.

திரையில் வில்லன் புகையிலை மென்றான்.
மெல்லுகிற வாய்க்கு வசனம் போட்டேன்:
"தம்பி, ஒங்கண்ணன வெட்டுனது நா இல்ல."

"நேத்து இப்பிடிச் சொல்லலயே!"
முன்வரிசையில் ஒரு குரல்.

அவன் இன்னும் மென்றான். நானும் விடவில்லை.
"சாட்சி சொன்னவன் பொய் சொன்னான்.
அவங்கிட்ட லைட்டே கெடையாது.
ஒம்பது வருசம் கம்பி எண்ணிட்டு வந்துருக்கேன்.
வெட்டுறதா இருந்தா
ஆளத் தெரிஞ்சு வெட்டு."

கஸ்பாரின் பிடரி மரமாயிற்று.
கதாநாயகன் கை
துப்பாக்கிக்கு ஒரு சாண் மேலே நின்றது.

ரீல் அறுந்ததுபோல் முடிந்தது.

எட்டாவது ரீல் எப்போதும் தாமதம்தான்.
சாயல்குடிக் கொட்டகையில் அது ஓடி முடிந்ததும்
அருளப்பன் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரவேண்டும்.
அதுவரை வெறும் வெள்ளைத் திரை,
அதில் ஈசல்.
காசைத் திருப்பிக் கொடு என்று யாரும் கத்தவில்லை.

இன்னாசி எழுந்தான்.
முன்னால் இருந்த பிடரியை அவன் பார்க்கவில்லை.
மெஷின் பக்கம் திரும்பினான்,
மைக் வைத்த மேஜைப் பக்கம்.
கஸ்பாரும் திரும்பினான்.

மைக்கை அணைக்க மறந்துவிட்டேன்.
நான் எச்சில் விழுங்கியது
இரண்டு குழாயிலும் கேட்டு
கடல்வரை போயிற்று.

மணல்ரோட்டில் சைக்கிள் மணி.
வருகிற ரீலில் ஒருவன் விழுவான்.
மூன்று நாள் பார்த்திருக்கிறேன்,
எவன் என்று
இப்போது ஞாபகம் வரவில்லை.